ஓவனா, அடுப்பா, குக்கரா? பிரேசில் கேரமல் ஃப்ளானை எதில் வேகவைக்கலாம்

பாலும் முட்டையும் சேர்த்து அச்சில் வேகவைத்து, கேரமல் பாகு வழியக் கவிழ்த்துப் பரிமாறும் பிரேசில் பாணி கேரமல் ஃப்ளான் செய்ய நினைக்கிறவர்களுக்குப் பொருள்களில் பெரிதாகச் சந்தேகம் வருவதில்லை. ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், அதே டின்னால் இரண்டு முறை அளந்த பால், மூன்று முட்டை, அச்சில் ஊற்ற ஒரு கப் சர்க்கரையில் கேரமல், அவ்வளவுதான். எல்லாரும் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த கட்டத்தில். கலக்கியதை எதில் வேகவைப்பது? ஓவன் இல்லையே, வாங்கித்தான் ஆகணுமா? குக்கரில் வைத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வருகிறதே, அது தப்பா, இல்லை அப்படித்தான் இருக்குமா? இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒரு பதில், ஒவ்வொருவரும் தன் வழிதான் அசல் என்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இனிப்புக்காக மட்டும் ஓவன் வாங்க வேண்டாம். ஓவன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதில் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுப்பின் மேலேயே மெதுவாக வேகவைத்து அதற்கு மிகப் பக்கத்தில் போய்விடலாம். குக்கர் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதில் கிடைப்பது கொஞ்சம் வேறு ஃப்ளான் என்று தெரிந்துகொண்டு செய்யவேண்டும்.

பிரேசிலிலேயே இந்த மூன்று வழியும் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே இதைப் புடிம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து முடிந்ததும் வருகிற இனிப்பு இது, தட்டை எடை போட்டுக் காசு வாங்குகிற உணவகங்களிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நடுவில் குழியோடு பளபளவென்று உட்கார்ந்திருக்கும். போர்ச்சுகல்காரர்கள் கொண்டுவந்த புட்டிங்குகள் மஞ்சள்கருவும் சர்க்கரையும் அள்ளிப்போட்டுச் செய்தவை. வடக்கு போர்ச்சுகலில் பிராகா பக்கத்து ‘அபாடி டி பிரிஷ்கோஸ்’ புட்டிங்கில் பதினைந்து மஞ்சள்கரு, ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு, போர்ட் ஒயின் எல்லாம் சேரும். பிரேசிலில் அந்த வழக்கத்தை மாற்றியது டின் பால். நெஸ்லே 1921-இல் சாவோ பாவ்லோ மாநிலத்து அராரஸ் ஊரில் தொழிற்சாலை திறந்து அங்கேயே கண்டென்ஸ்டு மில்க் தயாரிக்க ஆரம்பித்தது. பால்காரப் பெண் படம் போட்ட அந்த டின்தான் இங்கே நாம் வாங்கும் மில்க்மெய்ட். பாலும் சர்க்கரையும் ஏற்கெனவே சுண்டக் காய்ச்சி வந்துவிடுவதால் முட்டை மூன்று போதும் என்று ஆனது. இவ்வளவு சர்க்கரை இருக்கும்போது முட்டை கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் இறுகும், அதனால் பால், முட்டை, சர்க்கரையை மட்டும் வைத்துச் செய்யும் சாதாரணக் கஸ்டர்டைவிட இது கொஞ்சம் சூட்டைத் தாங்கும். ஓவன் இல்லாத வீடுகளிலும் இது தைரியமாக நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உங்களுக்கு எந்த மாதிரி ஃப்ளான் வேண்டும் என்பது. இதை யோசிக்காமல் பாத்திரத்தைத் தேடிப் போவதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பிரேசிலில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. வெட்டினால் உள்ளே ஒரு துளைகூடத் தெரியக்கூடாது, வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போகணும் என்கிறவர்கள் ஒரு பக்கம். சின்னச் சின்னத் துளைகள் இருந்தால்தான் அது புடிம், பாகு அந்தத் துளைக்குள் இறங்கி நிற்பதுதான் ருசியே என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் நன்றாகச் செய்ய முடியும். ஆனால் இரண்டுக்கும் வழி வேறு.

துளை எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த இந்தக் கலவை ஏறக்குறைய 80-லிருந்து 85 டிகிரி செல்சியஸுக்குள் இறுகிவிடும். அப்போதே நிறுத்திவிட்டால் வழவழப்பு. அதைத் தாண்டி 90-க்கு மேல் ஏறினால், இறுகிய புரதம் இன்னும் சுருங்கித் தன்னிடம் இருக்கும் தண்ணீரைப் பிழிந்து தள்ள ஆரம்பிக்கும், அச்சை ஒட்டிய ஓரத்தில் ஆவிக் குமிழ்கள் கிளம்பும், குமிழ் நின்ற இடமெல்லாம் துளையாகிவிடும். அடிக்கும்போது உள்ளே புகுந்த காற்றும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஓவனா குக்கரா என்று கேட்பது, எவ்வளவு சூட்டை எவ்வளவு வேகமாகக் கொடுக்கப்போகிறோம் என்று கேட்பதுதான்.

அடுத்தது, எவ்வளவு நேரம், எவ்வளவு எரிபொருள், அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்திலேயே நிற்கவேண்டுமா என்பது. மூன்றாவது, கையில் என்ன பாத்திரம் இருக்கிறது. ஒரு டின் கணக்கில் கலவை ஏறக்குறைய ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அது கொள்கிற அச்சும், அந்த அச்சு உள்ளே போகிற வெளிப்பாத்திரமும் இருந்தாகணும். வாங்கி வந்தபிறகு குக்கர் வாய்க்குள் அச்சு இறங்கவில்லை என்றால் அது வீண் செலவு. கடைசியாக, கை தவறினால் எவ்வளவு மன்னிக்கும் என்பது. ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாத வழியும் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் கெட்டுப்போகிற வழியும் இருக்கிறது.

| | ஓவன் | அடுப்பின் மேல் தண்ணீர்ப் பாத்திரம் | குக்கர், வெயிட் இல்லாமல் | குக்கர், வெயிட் போட்டு |
|---|---|---|---|---|
| உள்ளே எப்படி இருக்கும் | துளை இல்லாமல் வழவழப்பு | தீயைப் பொறுத்து. சிம்மில் ஏறக்குறைய ஓவன் போல | ஓரத்தில் துளைகள், நடுவில் மிருது | முழுக்கத் துளை, இறுக்கம் |
| வேகும் நேரம் | சுமார் ஒன்றரை மணி | ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி | 35-லிருந்து 45 நிமிடம் | அழுத்தம் வந்தபின் 15-லிருந்து 20 நிமிடம் |
| கவனம் | குறைவு | அடிக்கடி பார்க்கணும் | தண்ணீர் அளவு முக்கியம் | நேரம் மிக முக்கியம் |
| மன்னிக்கும் குணம் | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு |
| எப்போது | விருந்து, பெரிய அளவு | ஓவன் இல்லாத வீடு | சின்ன அச்சு, வார நாள் | துளை பிடித்தவர்கள், அவசரம் |

நேரமெல்லாம் நடுவில் குழி உள்ள அச்சுக்குச் சொன்னது. பிரேசில் அச்சில் அந்தக் குழி அழகுக்காக வைத்ததில்லை, நடுப்பகுதிக்கும் சூடு போவதற்காக வைத்தது. குழி இல்லாத வட்ட கேக் டின்னில் ஊற்றினால் ஓரம் வெந்து நடு ஆடிக்கொண்டிருக்கும், நடு வேகும்வரை வைத்தால் ஓரம் துளைபோடும். குழி அச்சு கிடைக்காவிட்டால் ஒரே ஆழமான டின்னுக்குப் பதில் அகலமான, உயரம் குறைந்த பாத்திரமாக எடுங்கள், அல்லது சின்னக் கிண்ணங்களில் பிரித்து ஊற்றுங்கள்.

## ஓவன்

பெரிய தட்டில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, அதில் அச்சை வைத்து, 180 டிகிரியில் வேகவைப்பதுதான் பிரேசில் டின்களின் லேபிளில் வழக்கமாகச் சொல்கிற முறை. ஓவனுக்குள் 180 டிகிரி இருந்தாலும் தட்டில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கொதிநிலையைத் தொடாமல் கீழேயே நிற்கும், அச்சின் பக்கவாட்டுக்கு அந்தச் சூடு மட்டும்தான் போகும். வழவழப்புக்குக் காரணம் முழுக்க இந்தத் தண்ணீர்தான். அச்சின் வாயை ஃபாயிலால் மூடணும், இல்லாவிட்டால் மேலே தோல் கட்டும். ஆனால் தண்ணீர்த் தட்டையும் சேர்த்து மூடிவிடாதீர்கள், ஆவி வெளியேற வழியில்லாமல் போனால் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும், ஓவனில் வைத்ததன் பயனே போய்விடும்.

செலவு என்று பார்த்தால், 1,500 வாட் ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் எரிந்தால் இரண்டேகால் யூனிட். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். கண்ணுக்குத் தெரியாத செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன ஓடிஜிகளில் தண்ணீர்த் தட்டும் அதன் மேல் அச்சும் வைத்தால் மேலே இருக்கிற கம்பிக்கும் ஃபாயிலுக்கும் இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது, மேல்பக்கம் மட்டும் கண்டபடி சூடாகும். அந்த மாதிரி இருந்தால் மேல்கம்பியை அணைத்துவிட்டுக் கீழ்க்கம்பியில் மட்டும் வையுங்கள், ஃபேன் வேண்டாம், 160-க்கு இறக்கிக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். இன்னொன்று, சூடான தண்ணீர் நிரம்பிய தட்டை ஓவனிலிருந்து வெளியே எடுப்பது உண்மையிலேயே ஆபத்தான வேலை. அச்சை மட்டும் முதலில் எடுத்துவிட்டுத் தட்டை உள்ளேயே ஆறவிட்டு, பிறகு எடுங்கள்.

விருந்துக்கு இரண்டு டின் கணக்கில் பெரிதாகச் செய்வது, நடுவில் வேறு வேலை பார்க்கவேண்டியிருப்பது, துளையே கூடாது என்ற பிடிவாதம் இருப்பது, இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் ஓவன்தான்.

## அடுப்பின் மேல், தண்ணீர்ப் பாத்திரத்தில்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பிரேசில் கடைகளில் இதற்கென்றே ஒரு செட் விற்கிறார்கள், கீழே தண்ணீருக்கு ஒரு அலுமினியப் பாத்திரம், அதற்குள் சரியாக உட்காரும் குழி அச்சு, மேலே ஒரு மூடி. எத்தனையோ வீடுகளில் பரணில் கிடப்பது அந்த செட்தான். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இட்லிப் பானையோ அகலமான குண்டானோ எடுத்து, அடியில் ஒரு ஸ்டாண்டு போட்டு, அச்சின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அதே வேலை நடக்கும்.

இதில் வெற்றியும் தோல்வியும் தீயில்தான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. அடியில் பொடிப் பொடியாகக் குமிழ் தோன்றி மேலே வந்து மெல்ல உடையணும், பாத்திரத்தை ஒட்டிக் காது வைத்தால் லேசான முணுமுணுப்பு மட்டும் கேட்கணும். அச்சு கிடுகிடுவென்று ஆடி ஸ்டாண்டில் மோதும் சத்தம் வந்தால் தீ அதிகம். சின்ன பர்னரில் சிம்முக்கும் கீழே இறக்க முடியாத அடுப்பு என்றால், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு பழைய தோசைக்கல்லைப் போடுங்கள், சூடு பரவி அடங்கிவிடும்.

மூடியில் கட்டும் ஆவித்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தால் மேல்பக்கம் குழிகுழியாகிவிடும். அச்சுக்கு ஃபாயிலைப் போடுங்கள், இல்லாவிட்டால் மூடியை ஒரு மெல்லிய துணியால் சுற்றிக் கட்டி வையுங்கள், துணியின் நுனி தீயில் தொங்காமல் மேலே முடிந்துவிடணும். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் சூடான தண்ணீரை ஊற்றுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வேகுவது நடுவில் நின்று மறுபடி தொடங்கும், நேரக் கணக்கு எல்லாம் குழம்பிப்போகும். வேக வேக அலுமினியம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிரேசிலில் தண்ணீரில் ஒரு எலுமிச்சைத் துண்டோ கொஞ்சம் வினிகரோ போடுவார்கள், நாம் குக்கரில் புளித்துண்டு போடுகிறோமே, அதே காரணம்தான்.

இதன் உண்மையான விலை உங்கள் நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பங்கரையை விட்டு நகர முடியாது. ஆனால் புதிதாக எதுவும் வாங்கவேண்டியதில்லை, மூடியைத் திறந்து பார்க்கிற சுதந்திரம் இருக்கிறது, சீக்கிரம் வெந்துவிட்டால் உடனே இறக்கிவிடலாம். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிவது இந்த ஒரு வழியில்தான்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? அச்சை லேசாகத் தட்டுங்கள். ஓரம் அசையாமல் நின்று, ஓரத்துக்கும் நடுக்குழிக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் மொத்தமாக ஒருமுறை நடுங்கி நின்றால் போதும், இறக்கிவிடலாம், மீதி ஆறும்போது தானே இறுகும். அலை அலையாக ஓடினால் இன்னும் வேகலை. எங்கேயும் அசைவே இல்லை என்றால் கொஞ்சம் கடந்துவிட்டது. கத்தியைச் செருகி எடுக்கும் சோதனையில் கத்தி முழுக்கச் சுத்தமாக வரும்வரை காத்திருக்காதீர்கள், லேசான ஈரப்படலம் இருக்கும்போதே சரி.

## குக்கர்

குக்கரில் செய்வது என்று ஒரே பெயரில் சொன்னாலும் இவை இரண்டு வேறு வழிகள், பலருடைய குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெயிட் போடாமல் மூடினால் குக்கர் வெறும் ஆவிப் பாத்திரம்தான், உள்ளே 100 டிகிரிக்கு மேல் ஏறாது. வெயிட் போட்டால் உள்ளே 120 டிகிரியை எட்டுகிறது. 85-லேயே இறுகிவிடும் கலவைக்கு 120 டிகிரி என்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெயிட் இல்லாத முறையில் முக்கியமானது தண்ணீர். ஆவி முழுக்க வென்ட் வழியே போய்க்கொண்டே இருப்பதால் தண்ணீர் வேகமாகக் குறையும், மூன்று டம்ளராவது ஊற்றுங்கள். வற்றிப்போனால் அடி பிடித்து கேஸ்கட்டும் கெடும், கேரமலும் கருகும். ஆவி நன்றாக வர ஆரம்பித்ததும் சிம்முக்கு இறக்கிவிடணும்.

வெயிட் போட்டுச் செய்வது பிரேசிலிலும் சகஜம், துளை பிடித்தவர்கள் அதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். அடுப்பை அணைத்த உடனே வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும்வரை கொதிக்காமல் இருந்த கலவை, அழுத்தம் திடீரென்று இறங்கியதும் அச்சுக்குள்ளேயே பொங்கிக் கொதித்துவிடும், ஃப்ளான் விண்டுபோய்த் தண்ணீராகக் கிடக்கும். தானாக அடங்கட்டும். ஆனால் அடங்குகிற அந்த நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும் என்பதால் அடுப்பை முன்கூட்டியே அணைக்கணும், எவ்வளவு முன்னால் என்பது உங்கள் குக்கரின் அளவையும் தடிமனையும் பொறுத்தது. நடுவில் திறந்து பார்க்கவும் முடியாது. அதனால்தான் இதை மன்னிக்காத வழி என்கிறேன்.

குக்கரில் செய்வதானால் கலவையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு டின்னுக்கு இரண்டு டின் பால் என்பதை ஒன்றரையாகக் குறைத்தால் பிழிந்து வெளியேறும் தண்ணீர் குறையும், வடிவமும் நிற்கும். அச்சின் விட்டத்தைக் குக்கர் வாயில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சுற்றிலும் ஒரு விரலாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சூடான அச்சை எடுக்க இடுக்கி நுழையாது.

மைக்ரோவேவைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அலுமினிய அச்சை வைக்க முடியாது, ஒரு பக்கம் ரப்பராகவும் இன்னொரு பக்கம் பச்சையாகவும் வரும். ஒரே ஒரு கப் அளவுக்கு, குறைந்த பவரில், நிறுத்தி நிறுத்தி வைத்தால் சாப்பிடும்படி இருக்கும். ஏர்ஃப்ரையர் என்பது ஃபேன் வைத்த சின்ன ஓவன், தண்ணீர்த் தட்டுக்கு அதில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

## கேரமல்: தண்ணீர் விட்டா, விடாமலா

வேகவைப்பதைவிடப் பலர் பயப்படுவது இதற்குத்தான். பிரேசில் வழக்கப்படி சர்க்கரையை வெறுமனே உருக்கி, செம்பு நிறம் வந்ததும் அரை கப் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கரைத்துப் பாகாக்கி அச்சில் ஊற்றுவார்கள். பிரெஞ்சு வழியில் பின்னால் தண்ணீர் சேர்க்காமல் கெட்டிக் கேரமலாகவே அச்சின் அடியில் விட்டுவிடுவார்கள். முதல் வழியில் தட்டில் கவிழ்க்கும்போது நிறையப் பாகு வழியும், அச்சின் அடியில் கெட்டிக் கேரமல் ஒட்டிக்கொண்டு கிடக்காது. இரண்டாவதில் பாகு குறைவு, ஃப்ரிட்ஜில் நீண்ட நேரம் வைத்தால்தான் கரைந்து வரும். ஃப்ளானுக்குப் பாகு முக்கியம் என்று நினைக்கிறவன் நான், அதனால் எப்போதும் முதல் வழிதான்.

சர்க்கரையை வெறுமனே உருக்க அடிகனமான பாத்திரம் வேண்டும். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது. மெல்லிய எவர்சில்வரில் ஒரு மூலையில் கருகி இன்னொரு மூலையில் வெள்ளையாக நிற்கும். முதலில் ஓரம் உருகும், அப்புறம் கட்டிகட்டியாக மஞ்சளாகும், பிறகு எல்லாம் ஒன்றாகக் கரைந்து தேன் நிறத்தில் தெளியும், அதற்கப்புறம் செம்பு நிறம் வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. லேசாகப் புகை எழும்பும்போதே தீயை அணையுங்கள். தேன் நிறத்திலேயே நிறுத்தினால் வெறும் இனிப்புதான் இருக்கும், டின் பாலின் இனிப்போடு சேர்ந்து திகட்டிவிடும். அந்த மெல்லிய கசப்புதான் இந்த இனிப்பைத் திரும்பத் திரும்பச் சாப்பிடவைப்பது, அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றும்போது சீறிக்கொண்டு தெறிக்கும். உருகிய சர்க்கரை 160 டிகிரிக்கும் மேல் இருக்கிறது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். நீளமான கரண்டி, முகத்தைத் தள்ளி வைத்து நிற்பது, குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது, இதில் எதையும் விட்டுவிடக்கூடாது.

அவ்வளவு வேகம் கைக்கு அடங்காது என்றால், சர்க்கரையோடு முதலிலேயே கால் கப் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சலாம். நேரம் அதிகம் ஆகும், ஆனால் சீராக நிறம் மாறும். கொதிக்க ஆரம்பித்தபிறகு கரண்டி போட்டுக் கிளறினால் மறுபடி சர்க்கரையாக உறைந்துவிடும், பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றினால் போதும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் உறைவது குறையும்.

## மூன்று முழு முட்டையா, கூடுதல் மஞ்சள்கருவா

வெள்ளைக்கரு வடிவத்தை நிறுத்தும், மஞ்சள்கரு மிருதுவும் மணமும் தரும். ஓவனில் மெதுவாக வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று முட்டையோடு ஒன்றிரண்டு மஞ்சள்கரு கூடுதலாகச் சேர்க்கலாம், நன்றாக இருக்கும். வெள்ளைக்கரு மிச்சமாவது இதன் செலவு, மறுநாள் ஆம்லெட்டில் போட்டால் தீர்ந்தது. குக்கரில் என்றால் முழு முட்டையே போதும், அந்தச் சூட்டில் மஞ்சள்கருவின் மிருது எல்லாம் எங்கே நிற்கப்போகிறது?

முட்டைக் கவிச்சி பிடிக்காதவர்கள் முட்டையை மட்டும் தனியாக ஒரு வடிகட்டியில் தேய்க்காமல் விட்டு வடியவிடுங்கள். மஞ்சள்கருவைச் சுற்றியிருக்கும் சவ்வும் வெள்ளைக்கருவின் கட்டியும் மேலேயே தங்கிவிடும். பிரேசில் வீடுகளிலும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் வனிலாவும் சேர்க்கலாம். அங்கே எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றிவிடுவது வழக்கம். துளை வேண்டும் என்கிறவர்களுக்கு அது வசதி, வழவழப்பு வேண்டும் என்கிறவர்கள் கரண்டியாலோ விஸ்க்காலோ நுரை எழும்பாமல் கலக்குங்கள். மிக்ஸிதான் என்றால் கால் மணி நேரம் அப்படியே வைத்து மேலே நிற்கும் நுரையை வழித்துவிட்டு ஊற்றுங்கள்.

பாலில் ரொம்ப யோசிக்கவேண்டாம். பிரேசிலின் முழுப் பால் 3 சதவிகிதக் கொழுப்பிலிருந்து தொடங்குகிறது, ஆவினின் நீலப் பாக்கெட்டே அந்த அளவுதான். 4.5 சதவிகிதமுள்ள பச்சை பாக்கெட் இன்னும் கொஞ்சம் நன்றாக வரும். காய்ச்சி ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

முட்டையே சாப்பிடாதவர்கள் கடற்பாசி போட்டு உறையவைக்கலாம். அதை வேகவைக்கவே வேண்டாம், அது நல்ல இனிப்புதான். ஆனால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் அதற்குப் பொருந்தாது, அதைத் தனியாக எழுதவேண்டும்.

## உங்கள் வீட்டுக்கு எது

வீட்டில் ஓவன் இருக்கிறது, பத்துப் பேருக்குச் செய்யணும் என்றால் ஓவன், அதில் யோசிக்க எதுவுமில்லை. ஓவன் இல்லை, நாலு பேர், ஒரு மணி நேரம் அடுப்பங்கரையில் இருக்க முடியும் என்றால் இட்லிப் பானை. வேலையிலிருந்து வந்து செய்து, இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடணும் என்றால் வெயிட் போடாத குக்கர், கலவையைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து. துளை உள்ள ஃப்ளான்தான் பிடிக்கும் என்றால் வெயிட் போட்ட குக்கர், அப்போது மிக்ஸியிலும் தாராளமாக அடிக்கலாம்.

எந்த வழியானாலும் ஆறு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கணும், ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. சூடாகக் கவிழ்த்தால் எந்த முறையில் செய்தாலும் உடைந்துவிடும், அதனால் மறுநாள் விருந்துக்கு முந்தின நாள் மாலையே செய்துவிடுங்கள். கவிழ்க்கும்போது ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒரு சுற்று விட்டு, அச்சின் அடியைத் தீயில் சில விநாடி காட்டி, பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே மொத்தமாக நகர்ந்தால் தயார். விளிம்பு உயர்ந்த தட்டாக எடுங்கள், தட்டையான தட்டில் பாகு மேசைக்குப் போய்விடும். அச்சில் இன்னும் கேரமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு அடுப்பில் கரைத்து, ஆறியதும் அதையும் மேலே ஊற்றிவிடுங்கள்.